மூலக்குளத்தில் குடியிருக்கும் நாங்கள்

சித்தப்பா இறந்து மூன்று வருஷம் கழித்து, ஒரு மத்தியான வேளையில், கடன் கேட்டு விண்ணப்பித்தார். விண்ணப்பம் வந்து சேர்ந்தது, மேற்கொண்டு தொடர இந்த ஆறு இலக்க எண்ணைக் கொடுக்கவும், எண்ணை வேறு எவரிடமும் சொல்லவேண்டாம் என்று என் செல்போனுக்குச் செய்தி வந்தது. நான் சோறு பிசைந்துகொண்டிருந்தேன். இடது கையால் போனை எடுத்து இரண்டு முறை படித்தேன். பெயரும் சரி, இனிஷியலும் சரி. புதுச்சேரி டவுனில் ஒரு அச்சகத்துக்குப் பிழை திருத்திக் கொடுப்பது என் தொழில். அந்தச் செய்தியில் ஒரு பிழைகூட இல்லை. அதுதான் எனக்கு முதலில் லேசாகக் குளிரெடுத்த இடம்.

சித்தப்பா என்றால் ரத்த சம்பந்தமில்லை. எதிர் வீடு. ஏக்கர் கணக்கில் இல்லாவிட்டாலும் கரும்பு போட்டவர். கிருமாம்பாக்கத்தில் கடலூர் பஸ்ஸை விட்டு இறங்கி, கொஞ்ச தூரம் உள்ளே நடந்தால் வருகிற ஊர் எங்களுடையது. அவருடைய காரியப் பத்திரிகைக்கு மெய்ப்புப் பார்த்ததே நான்தான். அவர் இறந்த தேதியை மூன்று முறை சரிபார்த்திருக்கிறேன். ஆகவே, அவர் இறந்த விஷயத்தில் எனக்கு எந்தச் சந்தேகமும் இருக்க நியாயமில்லை.

அவருக்கு வந்த செய்தி எனக்கு ஏன் வரவேண்டும் என்றால், அது என் பெருமையின் கதை. எங்கள் தெருவில் படிவம் நிரப்புகிறவன் நான். ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன், பயிர்க் கடன், கேஸ் இணைப்பு எல்லாம் என் கையெழுத்தில்தான் போகும். செல்போன் எண் எழுதும் கட்டம் வந்ததும் எதிரில் நிற்பவர், "ஒன் நம்பரயே போட்டுருபா, எங்கிட்ட ஏது" என்பார். போட்டுவிடுவேன். பிற்பாடு அவர்களுக்கெல்லாம் போன் வந்தது. ஆனால் அவர்கள் சிம்மை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். நான் மட்டும் மாறாத எண்ணோடு கோயில் மணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தேன். பாகூரில் ரேஷன் கார்டு திருத்தும்போதோ வில்லியனூரில் பத்திரம் பதியும்போதோ என் போனில் எண் வந்து விழும். அங்கேயிருந்து ஒரு குரல், "அண்ணே, நம்பரு வந்துச்சா?" என்று கேட்கும். கவியரங்கத்தில் வாசிப்பதுபோல் ஒவ்வொரு இலக்கமாக நிறுத்தி வாசிப்பேன். வருஷக்கணக்காக வாசித்தேன். 'எவரிடமும் சொல்லவேண்டாம்' என்ற வரியைக் கல்யாணப் பத்திரிகையின் 'இப்படிக்கு' மாதிரி ஒரு சம்பிரதாயமாகத்தான் நினைத்திருந்தேன்.

இதற்குச் சில வாரங்களுக்கு முன்னால் பேப்பரில் ஒரு செய்தி வந்திருந்தது. நாட்டில் யார் எங்கே கடன் வாங்கினார்கள், ஒழுங்காகக் கட்டினார்களா என்று ஆளுக்கு ஆள் மதிப்பெண் போட்டு வைத்திருக்கும் ஒரு கம்பெனியிலிருந்து, அத்தனை பேரின் விவரமும் களவு போய்விட்டதாம். பெயர், பிறந்த தேதி, தகப்பன் பெயர், புருஷன் பெயர், கார்டு எண், செல்போன் எண், விலாசம் எல்லாம். என்ன செய்யவேண்டும் என்றும் அதே செய்தியில் போட்டிருந்தார்கள்: உங்கள் கடன் அறிக்கையை வாங்கிப் பாருங்கள், உங்கள் கைரேகையை வேறெவரும் பயன்படுத்த முடியாதபடி ஆதாரில் பூட்டி வையுங்கள், தெரியாத கடன் இருந்தால் உடனே புகார் கொடுங்கள். நான் அதைப் படித்துவிட்டு, எங்கள் ஊர்க்காரர்களின் அடையாளத்தைத் திருடுகிறவன் அவர்களுடைய மூட்டுவலியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகட்டும் என்று ஒரு சிறு பத்திரிகைக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதினேன். பிரசுரமும் ஆனது. அன்பளிப்புப் பிரதி வந்த வாரத்தில்தான் சித்தப்பா கடன் கேட்டார்.

அவரோடு நிற்கவில்லை. மறுநாள், தெருக்கோடியில் இருந்து காலமான ஒரு கிழவருக்கு கிரெடிட் கார்டு. அதற்கு அடுத்த நாள், கல்யாணமாகி வெளியூர் போய்விட்ட ஒரு பெண்ணுக்குத் தவணையில் டிவி. எல்லாம் மத்தியானத்தில், ஊர் அடங்கி நாய்கூட வேப்ப நிழலில் படுத்திருக்கும் நேரத்தில். போன் ஒரு முறை அதிரும்; எடுத்தால், போனவர்களில் யாராவது ஒருவர். அழித்துவிட்டுத் தூங்கப் பார்ப்பேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்று பயம். எழுதிச் சிரிக்க வைக்கிறவனுக்கு அதைவிடப் பெரிய பயம் கிடையாது.

பதினைந்து நாள் கழித்து, சித்தப்பாவின் மனைவி, நான் சின்னம்மா என்று கூப்பிடுகிறவள், காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அவளுக்கு ஒரே மகள். நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. கல்விக் கடனுக்கு வங்கியில் எழுதிக் கொடுத்ததும் நான்தான். பத்து நாளில் கட்டணம் கட்டவில்லை என்றால் இடம் அடுத்தவளுக்குப் போய்விடும். இந்த நிலைமையில் வங்கியில் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சின்னம்மா பெயரில் ஏற்கெனவே ஒரு கடன் வாங்கிக் கட்டாமல் கிடக்கிறதாம். விலாசம் மூலக்குளம்.

"மூலக்கொளம் எந்தப் பக்கம்னே எனக்குத் தெரியாதேபா" என்றாள். பிறகு, குரலைத் தாழ்த்தி, எனக்கு அவமானமாகிவிடக் கூடாதே என்பதுபோல் சொன்னாள்: "அந்தக் கடனுக்கு ஒன் நம்பருதான் குடுத்துருக்குதாம்."

அவள் சந்தேகப்படவில்லை. சந்தேகப்பட்டிருந்தால் கோபித்துக்கொண்டாவது தப்பித்திருப்பேன்.

மூவருமாக வங்கிக்குப் போனோம். அதிகாரி ஓர் இளம் பெண். திரையைப் பார்த்தபடி, "கணவர் பேர் சொல்லுங்கம்மா" என்றார். சின்னம்மா சுவரைப் பார்த்தாள். எங்கள் பக்கத்தில் அந்த வயசுப் பெண்கள் புருஷன் பேரை வாயால் சொல்லமாட்டார்கள். செத்த பிறகும் சொல்லமாட்டார்கள். ஓட்டுப் போடுகிற இடத்திலும் பக்கத்தில் இருப்பவரை இடித்துத்தான் சொல்லவைப்பார்கள். வழக்கப்படி நான் சொன்னேன். அதிகாரி திரையைத் திருப்பிக் காட்டினார். கடனை உறுதிசெய்த நாள், நேரம். இரண்டு மாதத்துக்கு முந்தைய ஒரு நாள். மத்தியானம் ஒன்றே முக்கால். உறுதிசெய்த எண் என்னுடையது.

என் போனைத் திறந்து அதே நாளைத் தேடினேன். ஒன்றே முக்காலுக்கு ஒரு தெரியாத எண். ஒரு நிமிஷம்கூடப் பேசவில்லை. பேசியது அப்படியே ஞாபகம் வந்தது. ஓர் ஆண் குரல். நம் பக்கத்துப் பேச்சு. சின்னம்மாவின் முழுப் பெயரைச் சொல்லி, கார்டு புதுப்பிக்கிறேன் அண்ணே என்றான். "அட, சின்னம்மாவுக்கா? இரு" என்று வாசித்துக் கொடுத்தேன். ஆறு இலக்கம். நிறுத்தி, தெளிவாக, எழுத்துப் பிழையில்லாமல்.

திருடனுக்குத் தேவையான எல்லாவற்றையும் ஏதோ ஒரு கம்பெனி கொடுத்திருந்தது. இல்லாமலிருந்தது அந்த ஆறு இலக்கம் மட்டும்தான். அதை நான் சேர்த்துக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் மூலக்குளத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போனேன். போய் என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டால் தெரியாது. வில்லியனூர் சாலையிலிருந்து உள்ளே, புதுப் புது வீடுகளுக்கு நடுவில், கடன் விலாசத்தில் கண்ட கதவு எண் கொண்ட வீடு பூச்சு வேலை முடியாமல் நின்றது. ஜன்னல்களுக்குச் சட்டம்கூட இல்லை. உள்ளே ஆள் புழங்கிய தடமே இல்லை. ஆனால் கேட்டில் ஒரு நெகிழிப் பை கட்டித் தொங்கியது. அதில் தபால்கள், மழை படாமல், அழகாக அடுக்கி. விலாசங்களில் இருந்த பெயர்களைப் பார்த்தேன். சித்தப்பா. தெருக்கோடிக் கிழவர். வெளியூர் போன பெண். சின்னம்மா. எங்கள் தெருவே அங்கே குடிவந்திருந்தது. இருப்பவர், போனவர் என்ற வித்தியாசம் இல்லாமல், ஊரில் இருந்ததைவிட ஒற்றுமையாக.

எதிர் வீட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டேன்.

"அந்த வூட்ல யாரும் கெடையாதுங்க" என்றாள். கொஞ்சம் யோசித்து, "ஆனா நெறய பேரு இருக்காங்க போல. தெனம் தபாலு வருது" என்றாள். பையை யார் கட்டினார்கள், யார் எடுத்துப்போகிறார்கள் என்று அவள் பார்த்ததில்லை. ஒருநாள் பை நிறைந்திருக்கும், ஒருநாள் காலியாக இருக்கும், அவ்வளவுதான்.

அடுக்கில் கடைசியாக இருந்தது என் பெயருக்கு. அதை மட்டும் எடுத்துக்கொண்டேன். மற்றவர்கள் தபாலில் கைவைப்பது தப்பு என்ற ஞானம் அப்போதுதான் வந்திருந்தது. பஸ்ஸில் பிரித்தேன். பல வருஷமாக மூலக்குளத்தில் வசித்துவரும் எனக்கு ஒரு கடன் கம்பெனியார் நல்வரவு கூறியிருந்தார்கள்.

அதன் பிறகு பேப்பரில் போட்டிருந்த ஒவ்வொன்றையும், நான் கேலி செய்த அதே வரிசையில், செய்தேன். சைபர் குற்றப் பிரிவில் புகார். தெருவில் ஒவ்வொருவருக்கும் கடன் அறிக்கை. கைரேகைப் பூட்டு. மதிப்பெண் கம்பெனியில் ஆட்சேபம் பதியப்போனால், சின்னம்மாதான் சின்னம்மாவா என்று சோதிக்க அவர்கள் சில கேள்வி கேட்டார்கள். கீழ்க்கண்டவற்றில் நீங்கள் வசித்த இடம் எது? உண்மையைச் சொன்னாள். உங்கள் அடையாளத்தை உறுதிசெய்ய இயலவில்லை என்று வந்தது. மூலக்குளம் என்று சொல்லியிருந்தால் தேறியிருப்பாள்.

"அப்ப நான் நானு இல்லியாமா?" என்று மகளைக் கேட்டாள். மகள் கல்லூரிக் கடிதத்தில் தேதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் வங்கி அதிகாரிதான் ஒரு வழி சொன்னார். போலீஸ் ரசீதோடு, அந்த எண்ணைக் கொடுத்தது யார், எப்படி என்று எழுத்துமூலம் ஒருவர் பொறுப்பேற்றால், மேலிடத்துக்கு அனுப்பிப் பார்க்கலாம். கொடுத்தவரையும் போலீஸ் விசாரிக்கலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். உட்கார்ந்து எழுதினேன். நான் எழுதியதிலேயே அடித்தல் திருத்தல் இல்லாத ஒரே பக்கம் அதுதான். விசாரித்தார்கள், இரண்டு முறை. அதை இங்கே எழுதினால் நகைச்சுவையாகிவிடும்.

ஒன்பதாம் நாள் கடன் தேறியது. சின்னம்மாவுக்குப் புது போன், புது சிம் வாங்கியாயிற்று. ஆனால் வங்கிக் கணக்கில் எண் மாற இன்னும் இரண்டு நாள் ஆகும் என்றார்கள். ஆகவே கடைசி ஒப்புதல் எண் என் போனுக்குத்தான் வரும். அம்மாவும் மகளும் காலையிலேயே வங்கிக்குப் போனார்கள். எண் கேட்டு அங்கிருந்து கூப்பிடுவதாக ஏற்பாடு. பொறுப்பேற்று எழுதிக் கொடுத்த அந்த நாற்காலியில் இன்னொரு முறை உட்கார எனக்குக் கூச்சம். அதை மறைக்க ஒரு மெய்ப்பு வசதியாகக் கையில் இருந்தது.

பன்னிரண்டு தாண்டி எண் வந்தது. அது வந்த சூட்டோடு போன் அடித்தது. சேமிக்காத எண். புது சிம் என்று நினைத்தேன்.

"நாந்தாம்பா, சின்னம்மா. நம்பரு வந்துச்சா?"

வயசான பெண் குரல். கொஞ்சம் மூச்சு வாங்கியது. நான் வாயைத் திறந்தேன். முதல் இலக்கத்தைச் சொல்லியும் விட்டேன். ஆனால் பின்னால் வங்கியின் சத்தம் எதுவும் இல்லை. காற்றாடி இல்லை, டோக்கன் மணி இல்லை. மூடிய அறையில் ஒருவர் போனை வாயோடு ஒட்டிப் பேசுவதுபோல் இருந்தது. நிறுத்தினேன். நான் தயங்குவது அந்தப் பக்கத்துக்குப் புரிந்தது.

"இன்னாபா சந்தேகமா? நாந்தான்" என்றது குரல். தொடர்ந்து, தன் பெயர், பிறந்த தேதி, அதற்கப்புறம் சித்தப்பாவின் பெயர், இனிஷியலோடு, முழுசாக. "அவுரு பொஞ்சாதிதாம்பா பேசுறேன்."

சித்தப்பாவின் பெயரை அந்தக் குரல் சொன்ன சுத்தத்தில் என் முன்னங்கையில் மயிர் நின்றது. முப்பது வருஷக் குடித்தனத்தில் சின்னம்மா வாயிலிருந்து ஒருமுறையும் வராத பெயர்.

போனை வைத்தேன். மொபெட்டை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனேன். வழியெல்லாம் ஒரே ஒரு கேள்வி. விவரமெல்லாம் களவு போனது சரி. நான் அவளைச் சின்னம்மா என்று கூப்பிடுவது எந்தக் கம்பெனியின் ஏட்டிலும் இல்லையே, அது எப்படித் தெரியும்? கரும்பு வண்டிக்கு ஒதுங்கி நின்ற இடத்தில் பதில் கிடைத்தது. அந்த ஒன்றே முக்கால் மத்தியானத்தில், "அட, சின்னம்மாவுக்கா" என்று அதையும் எடுத்துக் கொடுத்தவன் நான்.

வங்கியில் அம்மாவும் மகளும் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார்கள். கூப்பிட்டீர்களா என்று கேட்டேன். மகள் புது போனைக் காட்டினாள். சிம் இன்னும் உயிர் பெறவில்லை. அதிகாரியைக் கேட்டேன். கம்ப்யூட்டர் மக்கர் செய்கிறது, இன்னும் எண்ணே அனுப்பவில்லை என்றார். வந்திருந்த செய்தியை அவரிடம் காட்டி, சின்னம்மா வாயால் சொல்லாத பெயரை அந்தக் குரல் முழுசாகச் சொன்னதையும் சொன்னேன். சின்னம்மா பெயரில் வேறெங்கோ இன்னொரு கடன். மீதி ஐந்து இலக்கத்தையும் வாசித்திருந்தால், பத்து நிமிஷத்தில் மறுபடியும் கடன்காரியாகி, இடமும் போயிருக்கும். அதிகாரி எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். எனக்குத்தான்.

அரை மணி நேரத்தில் உண்மையான எண் வந்தது. போனை சின்னம்மாவிடம் நீட்டினேன். அவள் விரல் வைத்து, ஒவ்வொரு இலக்கமாக, தானே வாசித்தாள். பஸ் நம்பர் பார்த்து ஏறுகிறவளுக்கு இலக்கம் தெரியாமலா இருக்கும்? இத்தனை வருஷத்தில் நான் கேட்டதே இல்லை.

"கடைசியா ஒரு சரிபார்ப்பு. ரெக்கார்டுக்கு நீங்களே சொல்லணும்மா" என்றார் அதிகாரி. "கணவர் பேர்?"

சின்னம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்தாள். அதிகாரி காத்திருந்தார். மகள் காத்திருந்தாள். நான் ஒன்றும் எடுத்துக் கொடுக்கவில்லை. அவள் கடைசிவரை சொல்லவேயில்லை.

அதிகாரி கொஞ்ச நேரம் அவளையே பார்த்துவிட்டு, சரிதான் என்று கட்டத்தில் டிக் போட்டார்.