இன்ஜின் சூடாகும் வரை

"...தினமும் பத்து நிமிஷம், அதுவும் என் சமையலறை ஜன்னலுக்கு நேராக. இன்னொரு நாள் இந்தப் புகை உள்ளே வந்தால் உன் முதலாளியிடம் போய்ச் சொல்லத்தான் போகிறேன்" என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னார் பக்கத்து வீட்டு மிஸஸ் ஹார்ப்பர். குரலை உயர்த்தவில்லை. இந்த ஊரில் கோபம் வந்தால் குரல் இறங்குகிறது என்பது இங்கிலாந்தில் இந்தக் கவென்ட்ரிக்கு வந்து ஒரு வருஷம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

அவர் போய்ச் சொன்னால் என் வேலை போய்விடும். முதலாளி ஏற்கெனவே ஒருமுறை எச்சரித்தாயிற்று. வேலை போனால் முதலாளியின் கார் பட்டறைக்கு மேலே நான் படுத்திருக்கும் அறையும் போய்விடும். இங்கே எனக்கு வருகிற வண்டிகளெல்லாம் போருக்கு முந்தைய பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள், இரண்டு பேர் உட்காரக்கூடியவை. பனி உறைந்த காலையில் ஸ்டார்ட் செய்தால் நான்கு சிலிண்டரும் பாகம் பிரித்த பங்காளிகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் சோக்கை இழுத்தால் கறுப்பாகப் புகைந்து குலுங்கும். அவசரப்பட்டு உள்ளே தள்ளினால் இரண்டு விக்கல் விக்கி நின்றுவிடும். மற்றவர்கள் குலுங்கக் குலுங்க அப்படியே ஓட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். நான் மட்டும் இன்ஜின் சூடாகும் வரை வண்டியை ஒரு அடி நகர்த்த மாட்டேன். ஏன் என்று முதலாளி கேட்டபோது, எங்கள் ஊர் வழக்கம் என்று சொல்லிவைத்தேன். அது பொய்.

செங்கல்பட்டில் இதே ரகத்தில் ஒரு வண்டி இருந்தது. ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவரிடம் எங்கள் டாக்டர் வாங்கியது. அதை ஓட்டியவர் என் அண்ணன் மாணிக்கம். பழுது பார்த்தவன் நான். சனிக்கிழமை சாயந்திரம் டாக்டர் மகாபலிபுரம் போய்க் கடற்கரையில் தங்குவார். இரவெல்லாம் உப்புக் காற்றில் நின்ற வண்டி காலையில் இருமும், தும்மும். அண்ணன் இன்ஜினின் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி மடியில் கட்டிக்கொண்டு இட்லிக் கடை அடுப்பில் சுடப் போவார். "இன்னா அண்ணாத்த, நாஸ்தா துன்ன வந்தியா, இரும்பு சுட வந்தியா?" என்பாள் கடைக்காரி. "எனக்கு முன்னாடி இதுக்குத்தான் சூடா வோணுமாம் அக்கா" என்பார் இவர். காலையில் இந்த வண்டி மாமனார் மாதிரி, காபி உள்ளே போகிறவரை பேச்சுக் கொடுக்கக்கூடாது என்று எனக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார்.

ஒரு மார்கழித் திங்கட்கிழமை. வால்வு வேலை முடிந்து வண்டி எங்கள் கொட்டகையில் நின்றது. வேலை முடிந்த வண்டியை முதன்முதலாக ராகுகாலத்தில் வெளியே எடுக்கக்கூடாது என்பதில் எங்கள் கொட்டகையில் இரண்டாவது பேச்சே கிடையாது. திங்கட்கிழமை ஏழரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துச் சூடம் காட்டி முடித்தபோது மணி ஏழு இருபத்தைந்து. வண்டி குலுங்கிக்கொண்டிருந்தது.

"டேய், ஆட்டுக்குட்டி கணக்கா துள்ளிகினு கீது. ஒரு பீடி நேரம் வுடு, சூடாவட்டும்" என்றார் அண்ணன்.

"ராகுகாலம் வந்துடும் அண்ணாத்த. நீ எடு. ஓட ஓட சூடாயிடும்."

"சரி, மெக்கானிக் சொல்லிட்ட. வழில நின்னா நீதான் வந்து தள்ளணும்" என்று சிரித்துக்கொண்டே எடுத்தார்.

கொட்டகையிலிருந்து தண்டவாளம் கூப்பிடு தூரம். ரோடு அதைக் கடக்கிற இடத்தில் ரயில்வே கேட்டும் கிடையாது, கேட்டுக்கு ஆளும் கிடையாது. பனியில் வண்டி கண்ணுக்கு மறைந்தாலும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. விக்கி விக்கித் தண்டவாள மேட்டில் ஏறிய சத்தம் அங்கேயே அடங்கியது. ஸ்டார்ட்டர் மூன்று முறை முனகியது. எடுத்துவிடுவார் என்று கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று என்னை நானே கேட்காத நாள் இல்லை. ரயில் ஊதிய பிறகுதான் ஓடினேன். பனியில் அவருடைய முதுகு மட்டும் தெரிந்தது. விட்டுவிட்டு விலகியிருக்கலாம். டாக்டர் நம்பிக் கொடுத்த வண்டி, தள்ளிக்கொண்டே இருந்தார்.

துக்கத்துக்கு வந்தவர்கள் நேரம் கேட்டார்கள். ஏழு இருபத்தெட்டு என்றேன். "ராகுகாலம் பொறக்கல. நல்ல நேரத்துலதான் பூட்டாரு" என்று ஒருவர் அண்ணிக்கு ஆறுதல் சொன்னார். அந்த வீட்டில் அதன் பிறகு என்னால் சோறு தின்ன முடியவில்லை. பம்பாய் போய்க் கப்பலேறினேன்.

அவரை அவசரப்படுத்தி அனுப்பியது நான் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. இதை அண்ணி படிக்கலாம். படிக்கட்டும். ஆனால் அண்ணிக்கு முன்னால், வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற மிஸஸ் ஹார்ப்பரிடம்தான் அதைச் சொன்னேன். என் அரைகுறை இங்கிலீஷில், குலுங்குகிற வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, தண்டவாளம் வரைக்கும் சொல்லிவிட்டேன். வேலைக்குப் பயந்து சொன்னேனா, தாங்காமல் சொன்னேனா என்று எனக்கே தெரியவில்லை. அவர் வண்டியைப் பார்த்தார். பிறகு, "ஏழரைக்கு என்ன நடக்க இருந்தது?" என்று கேட்டார்.

கேலியாகக் கேட்கவில்லை. ஏதோ கடை திறக்கும் நேரம், அல்லது ஆஸ்பத்திரியில் யாரோ காத்திருந்தார்கள் என்று நினைத்திருக்கிறார். என்ன சொல்வேன்? ராகுகாலத்தைச் சூரிய உதயத்திலிருந்து எண்ண வேண்டும். இங்கே இந்த மாதத்தில் எட்டு மணி தாண்டித்தான் சூரியனே வருகிறது. இங்கே ஏழரை அடிக்கும்போது செங்கல்பட்டில் மதியம் ஒரு மணி. எந்த ஊர் ராகுகாலம் என்னைப் பிடிக்கும், எந்த ஊர் நல்ல நேரம் என்னைக் காக்கும் என்று நானே இன்னும் கணக்குப் போட்டு முடிக்கவில்லை.

"ஒன்றுமில்லை" என்றேன்.

வேலியில் ஒரு பலகை இல்லாத இடம் உண்டு. மிஸஸ் ஹார்ப்பர் அதன் வழியாக முதல் தடவையாக என் பக்கம் வந்தார். கையுறையைக் கழற்றி, புகைக்கு நடுவே, வண்டியின் பானெட் மேல் உள்ளங்கையை வைத்தார். அது சூடாக வெகு நேரம் ஆயிற்று. அவர் கையை எடுக்கவில்லை.