தேக்கு மரம் பைக் ஓட்டுமா?

பதினோரு வருஷமாகக் கோவர்த்தனனின் பைக் ஒரே புளியமரத்தடியில்தான் நின்றது. அதைத் தாண்டி ஓர் அடி மேலே ஏறியதில்லை. அங்கிருந்து பிச்சாட்டூர் அணைக்குப் பின்னாலுள்ள பாறைமேட்டுக்கு இருபது நிமிஷ நடை. பதினைந்து நாளைக்கு ஒரு திங்கட்கிழமை, முதுகில் கண்ணாடிக் குடுவைப் பெட்டியோடு ஏறுவான். உச்சியில் காற்று வரும் பக்கம் முகம் காட்டி நின்று, மூச்சை அடக்கிக்கொண்டு குடுவையைத் திறப்பான். காற்று நிரம்பியதும் மூடியை இறுக்கிவிட்டு, பத்தடி தள்ளிப்போய்த்தான் மூச்சு விடுவான். தன் மூச்சுகூட அதில் கலக்கக் கூடாதென்று காத்தவன்.

அவனுக்குத்தான், அந்தக் குடுவைகளைச் சோதிக்கும் திருப்பதி ஆய்வகத்திலிருந்து ஒரு தாள் வந்தது. களப்பணியாளர் ஓடுகிற வண்டியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு காற்றெடுத்திருக்கிறார், ஆகவே கடைசி இரண்டு வருஷக் குடுவைகள் கணக்கிலிருந்து நீக்கம், தவற்றை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டு அனுப்பவும்.

அவன் மனைவி யாமினி வாங்கிப் படித்தாள். "ஊரே ஒன்ன காத்துப் பாட்டிலுன்னு கிண்டல் பண்ணுது. இப்ப திருட்டுப் பாட்டிலுன்னு பேரு வெச்சிட்டானுங்களா? கையெழுத்து போட்டுட்டு வந்தியின்னா இந்த வாசப்படி மிதிக்காத."

அவள் சொல்லவே வேண்டியதில்லை. கூலிக்காரனான அப்பன் ரங்கன் வீட்டில் முதன்முதலாக பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்தவன் அவன். அந்தக் குடுவையில் என்ன இருக்கிறதென்று தாளை அனுப்பியவர்களைப் போலவே அவனுக்கும் தெரியும். காற்றில் ஒரு வகைக் கரி இருக்கிறது, கதிர்வீச்சுக் கரி. அறுபது எழுபது வருஷத்துக்கு முன் வானத்தில் அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்த காலத்தில் அது தாறுமாறாக ஏறியது. அப்புறம் வருஷா வருஷம் இறங்கிக்கொண்டே வருகிறது. பெட்ரோல், டீசல் புகையில் அது துளியும் கிடையாது. புகையில் இருப்பது மண்ணுக்கடியில் யுகக் கணக்காகக் கிடந்து செத்துப்போன கரி. அந்தப் புகை கலந்தால் கதிர்வீச்சுக் கரியின் எண் சட்டென்று சரியும். இரண்டு வருஷமாகச் சரிந்திருந்தது. பழி போட அவன் பைக் கிடைத்தது.

மறுநாளே புத்தூர் வழியாகத் திருப்பதி பஸ் பிடித்தான். ஆய்வகத்தில் சுதீர் கணினியை விட்டு முகத்தைத் திருப்பவில்லை. சேர்ந்து மூன்று வருஷமான விஞ்ஞானி. பாறைமேட்டை வரைபடத்தில் மட்டும் பார்த்தவர்.

"ஏமய்யா கோவர்த்தன், வெயில்ல நடக்க கஷ்டம்தான், எனக்குப் புரியுது. ஒத்துக்கோ, முடிஞ்சிரும்."

"இன்னாத்த ஒத்துக்கறது? மேட்டுக்குப் பின்னால கல் ஒடைக்கிற கிரஷர் வந்துகீது சார். ரெண்டு ஜெனரேட்டர் பகல் பூரா ஓடிக்கினு கீது. எழுதித்தான அனுப்பினேன்!"

"இங்க ஒண்ணும் இல்லியே."

"கம்ப்யூட்டர்ல இருக்காது. பீரோவத் தெறங்க."

குடுவைகளோடு அவன் அனுப்பிய நோட்டுகள் அங்கேதான் தூசியோடு கிடந்தன. தேதி, நேரம், வெப்பம், காற்றின் திசை, கடைசியாகக் குறிப்பு. முதல் நான்கு கட்டங்களைத்தான் ஆய்வகத்தில் தட்டச்சு செய்வார்கள். குறிப்புக் கட்டத்துக்குக் கணினியில் இடமே வைக்கவில்லை. கிரஷர் வந்த நாளிலிருந்து ஐம்பத்திரண்டு முறை, படித்த இங்கிலீஷில், ஜெனரேட்டர் ஓடுகிறது, காற்றெடுக்கும் இடத்தை மாற்றுங்கள் என்று எழுதியிருந்தான். ஒருவர் கண்ணும் பட்டதில்லை.

சுதீர் புரட்டினார். காது சிவந்தது. ஆனாலும், "இதையும் நீதானே எழுதின? சாட்சி ஆகாது" என்றார்.

கோவர்த்தனனுக்கு உச்சந்தலை வரை சுட்டது. "சரி சார். என் கை எழுதினது வாணாம். மேட்டு மேல தேக்கு நிக்குது. அணைக்கு அந்தாண்டயும் ஒண்ணு நிக்குது. ரெண்டுத்தையும் தொளைச்சிப் பாருங்க. இல்ல, தேக்கு மரமும் பைக் ஓட்டிச்சின்னு எழுதுவீங்களா?"

மரம் அந்தந்த வருஷத்துக் காற்றைத் தின்றுதான் அந்தந்த வருஷத்து வளையத்தைக் கட்டுகிறது. கிரஷர் புகைதான் காரணமென்றால் மேட்டு மரத்தில் எண் சரிந்திருக்கும், புகை எட்டாத அந்தாண்டை மரத்தில் சரிந்திருக்காது. அடுத்த வாரம் சுதீர் பாறைமேட்டுக்கு வந்தார். புளியமரத்தடியில் ஜீப்பை நிறுத்தச் சொல்லி நடக்க வைத்தான் கோவர்த்தனன். பாதி வழி ஏறுவதற்குள் சுதீர் மூன்று முறை உட்கார்ந்தார். இவன் தண்ணீர் கொடுத்தான். இரண்டு மரத்தையும் துளைத்து, பென்சில் தடிமனில் குச்சி எடுத்துப் போனார்.

ஐந்து மாதம். அதுவரை புதுக் குடுவை வரவில்லை. திங்கட்கிழமைகளில் அவன் அப்பன் கூடக் களையெடுக்கப் போனான்.

பிறகு சுதீர் போன் செய்தார். மேட்டுத் தேக்கில் கடைசி இரண்டு வளையங்களும் குடுவையைப் போலவே சரிந்திருந்தன. அந்தாண்டை மரம் வழக்கம்போல மெள்ள இறங்கியிருந்தது. "எல்லாத்தையும் கணக்குல சேத்தாச்சு கோவர்த்தன். கிரஷர் புகைன்னு குறிப்பும் போட்டாச்சு. திங்கக்கெழம குடுவை எடுத்துக்கோ."

எடுக்க ஆய்வகத்துக்குப் போனான். மேஜைமேல் பெட்டி தயாராக இருந்தது. அதைத் தொடாமல், தவற்றை ஒப்புக்கொள்ளச் சொன்ன அந்தத் தாளைப் பக்கத்தில் விரித்து வைத்தான்.

"காத்து கணக்குல சேந்துச்சி. என் பேரு இன்னும் இதுலயே கீதே?"

"அதெல்லாம் இன்னும் எதுக்குப்பா..."

"எதுக்கா? அஞ்சி மாசம் ஊர்ல எம்மூஞ்சில காறித் துப்பாத கொறதான் சார்." பீரோவிலிருந்து கடைசி நோட்டை எடுத்து, குறிப்புக் கட்டத்தில் விரலை ஊன்றினான். "இங்க எழுதுங்க. கோவர்த்தனன் நடந்துதான் போனான்னு எழுதுங்க. கையெழுத்து நீங்க போடுங்க."

சுதீர் பேனாவைத் தேடினார். கோவர்த்தனன் தன் பேனாவைக் கொடுக்கவில்லை. அவராகத் தேடி எடுத்து, எழுதி, கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தான். பிறகுதான் பெட்டியை முதுகில் ஏற்றினான்.