மெத்தைக்காரர்

கடுகுச் செடிகளை விலக்கி, வலது கையை மணிக்கட்டு வரை மண்ணுக்குள் விட்டிருக்கிறார். விரல்கள் உள்ளே துழாவுகின்றன. மண் காய்ந்திருந்தால் முகம் வாடும். திராட்சைக் கொடிக்குப் போக வேண்டிய தண்ணீரைக் கடுகு குடித்துவிட்டதோ? ஈரமாக இருந்தால் இன்னும் வாடும், சரிவு இளகிப்போய்விட்டதோ? எப்படி இருந்தாலும் கையை உதறிக்கொண்டு எழும்போது அவர் சொல்வது ஒன்றுதான். “இன்னிக்கு என்ன ஆகப்போகுதோ.”

மலைச்சரிவில் திராட்சைத் தோட்டம். அடிவாரத்தில் வீடு. கொடி வரிசைகளுக்கு நடுவே வெறும் மண் கண்ணில் படாதபடி கடுகும் பார்லியும் தட்டைப்பயறும் கலந்து விதைத்திருக்கிறார். விற்பதற்கல்ல, மண்ணை மூடி வைப்பதற்கு. பூத்து ஓய்ந்ததும் அறுத்து அங்கேயே பரப்பிவிடுவார். “மனுசன் தோட்டத்துக்கே மெத்தை போட்டிருக்காருப்பா” என்று டிராக்டர் ஓட்டுகிறவர் ஒருநாள் சொல்லப்போக, அன்றிலிருந்து அவர் மெத்தைக்காரர். அந்த மெத்தையில் அவருக்கு மட்டும் தூக்கமில்லை.

பேசும்போது எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்க மாட்டார். அந்த ஆளின் தலைக்கு மேலே மேகத்தைப் பார்ப்பார். கல்யாண வீட்டிலும் ஜன்னலோரம்தான் உட்காருவார். “வெயில் அடிச்சா காஞ்ச புல்லு பத்திக்கும்னு பயம். மேகம் கூடுனா மழைன்னு பயம். ரெண்டுமில்லைன்னா, ஏன் இல்லைன்னு பயம்” என்பாள் மனைவி. அவர் கோபித்துக்கொள்வதில்லை. “சரிதானே” என்பார்.

இந்தப் பயத்துக்கு ஒரு பிறந்தநாள் உண்டு. மகள் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில், அவருடைய வரிசைகளும் சீவிவிட்ட தலை மாதிரி சுத்தமாகத்தான் இருந்தன. ஒரு மழையில் சேறு சமையலறைக்குள் வந்தது. மிதந்துபோன கிண்ணத்தைப் பார்த்துக் குழந்தை கைகொட்டிச் சிரித்தது. அந்தச் சிரிப்பு இன்னும் அவர் காதில் இருக்கிறது. “மண்ணு நடக்கும். நான் கண்ணால பாத்தேன்” என்று சொல்லிச் சொல்லி அடுத்த பருவத்திலேயே விதைத்துவிட்டார்.

மேல் தோட்டம் அண்ணனுடையது. களைக்கொல்லி அடித்து, ஒரு புல்கூட இல்லாமல் வைத்திருப்பார். வேலியில் நின்று, “டேய், இது தோட்டமா, மாட்டுக்குப் போட்ட தீவனமா?” என்பார். தம்பி வானத்தைப் பார்ப்பார்.

இந்த வருடம் வசந்தத்தில் புதுப் பயம் ஒன்று வந்தது. வீட்டை ஒட்டிய வரிசையில் மகள் பூப்பறிக்கப் போனாள். பார்லிக்குள்ளிருந்து ஒரு பாம்பு அவள் செருப்பை உரசிக்கொண்டு போனது. கடிக்கவில்லை. ஆனால் மெத்தைக்காரருக்கு அது போதும். மறுநாள் வீட்டுக்கு மேலே ஒரு பட்டை நிலத்தை, மேல் வேலி வரைக்கும், டிராக்டர் விட்டு உழுது வெறுமையாக்கினார். பாம்புப் பயம் தீர்ந்தது. மழைப் பயம் இரட்டிப்பானது.

அந்த மழை ஒரு மத்தியானம் வந்தது. வானம் கொட்டிக் கவிழ்த்தது. மனைவியையும் மகளையும் முன்னறைக்கு அனுப்பிவிட்டுச் சமையலறை ஜன்னலில் நின்றார். மேலே அண்ணனின் தோட்டம் குழைந்து, பந்தல் கம்பிகளோடும் கொடிகளோடும் கீழே இறங்கியது. கால்வாய் வெட்டிவிடலாம் என்று சற்று முன்பு வரை அங்கே மண்வெட்டியோடு நின்றிருந்த அண்ணனைக் காணவில்லை. பிறகு ஒரு கூப்பாடு கேட்டது.

மனைவி ஓடிவந்து சட்டையைப் பிடித்துக்கொண்டாள். “போகாதீங்க. ஆளுங்கள கூப்பிடலாம்.”

“அதுக்குள்ள முடிஞ்சிடும்” என்றார். கால் மட்டும் வாசலைத் தாண்ட மறுத்தது. கதவுச் சட்டத்தைப் பிடித்துத் தன்னைத் தானே வெளியே தள்ளிக்கொண்டார்.

உழுத பட்டையில் முழங்கால் வரை புதைந்தது. ஒரு செருப்பு அங்கேயே போயிற்று. கடுகு வரிசைக்குள் ஏறியதும் பாதம் ஊன்றி நின்றது. பார்லியைக் கொத்துக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு நாலு காலில் ஏறினார். வேலியோரம் முதல் வரிசைப் பயிரில் சேறு முட்டிக் குவிந்திருந்தது. அந்தக் குவியலில் இடுப்பு வரை அண்ணன்.

“கால் கம்பியில மாட்டிக்கிச்சு. மேல சத்தம் கேக்குது, மறுபடி வருது. நீ போடா!”

“எனக்கும் கேக்குது அண்ணே. பயமா இருக்கு. பேசாம கால அசை.”

நகம் பிய்யத் தோண்டினார். வாழ்நாளில் முதல்முறையாக அவர் வானத்தைப் பார்க்கவில்லை. கால் விடுபட்ட வேகத்தில் இருவரும் பயிருக்குள் உருண்டார்கள். இரண்டாவதாக இறங்கிய சேறு வரிசைகளுக்குள் நுழைந்து, பிரிந்து, மெதுவாகி, அவர்களின் விலாவை நனைத்துவிட்டு நின்றது. உழுத பட்டையில் மட்டும் அது நிற்கவில்லை. கொல்லைச் சுவரைத் தள்ளிவிட்டு, சமையலறைக் கதவை உடைத்து உள்ளே போனது. முன்னறையிலிருந்து மகள் அலறும் சத்தம் கேட்டது. இந்த முறை அது சிரிப்பில்லை. சேறு நடைவழியோடு நின்றுவிட்டது என்று ஓடிப்போய்ப் பார்த்தபிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

அண்ணனுக்குக் கால் எலும்பு முறிவு. மாவுக்கட்டோடு வேலியோரம் நாற்காலி போட்டு உட்காரத் தொடங்கியபோது ஒருநாள் கேட்டார்.

“நானும் விதைக்கலாம்னு பாக்குறேன். கொடிக்குத் தண்ணி பத்தாமப் போயிடாதா?”

“போகலாம். ஒரு வருசம் காய் குறைஞ்சுது.”

“அப்புறம் எதுக்குடா?”

“அந்தப் பயம் எனக்கும் இருக்கு. அதவிட இது பெரிசு” என்று சரிவைக் காட்டினார். தம்பி கொண்டுவந்திருந்த மூட்டையிலிருந்து அண்ணன் விதையை அள்ளி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் வெறும் பட்டையில் மெத்தைக்காரர் மறுபடி விதைக்க இறங்கினார். இடுப்பில் விதைப்பை. மகளும் பின்னாலேயே வந்தாள். பக்கத்து வரிசையில் எதுவோ சலசலத்தது. அவர் நின்றார். பாம்போ?

“அப்பா, அது காத்துப்பா. விடுப்பா, நான் பெரிய பொண்ணு!”

அவர் கேட்கவில்லை. அவளைத் தூக்கித் தோளில் உட்காரவைத்து, தொங்கிய கணுக்காலை இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, வலது கையால் விதையை வீசியபடி நடந்தார்.