மாப்பிள்ளை ஓடினார், மாமனார் ஜெயித்தார்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு ஓட்டக்குழுவில் வைத்திருந்த பட்டப்பெயர் 'சட்டம்'. முகத்துக்கு நேரே 'அண்ணே' என்பார்கள், முதுகுக்குப் பின்னால்தான் சட்டம். வயது அறுபத்திரண்டு. பகல் முழுக்க ஊரார் கண்ணுக்கு லென்ஸ் தேய்ப்பவர், விடியற்காலையில் பூங்காவைச் சுற்றி ஓடும்போது தன் கண்ணை யார் மேலிருந்தும் எடுக்கமாட்டார். நாலு பேர் பாதையை அடைத்துக்கொண்டு கதை பேசியபடி ஓடினால், "என்னப்பா, ஊர்வலமா போறீங்க? ஓரமா ஓடுங்க!" என்பார். தண்ணீர் குடித்த கப்பை வழியில் எறிந்தவனை நிறுத்தித் திரும்பப் போய்ப் பொறுக்க வைப்பார். பின்னால் ஆள் வருவதைப் பார்க்காமல் துப்பினவன் கதி அதோகதிதான். போட்டிக்கு முன்னாலேயே போட்டிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்த ஒரு பெண்ணிடம், "ஓடி முடிச்சிட்டுப் போட்டுக்கம்மா, அப்பதான் அது உன் சட்டை" என்று சொல்ல, அவள் ஒரு மாதம் அந்தப் பக்கமே வரவில்லை.

இவ்வளவையும் முகம் சுளிக்காமல் கேட்டவர் ஒரே ஒருவர், ஓய்வுபெற்ற தபால்காரர். நாலு வருடம் முன்பு, சர்க்கரை ஏறிப்போச்சு என்று டாக்டர் பயமுறுத்தியதால் மூச்சு வாங்க நடந்துகொண்டிருந்தவரை, "நடந்தது போதும், வாங்க ஓடலாம்" என்று இழுத்துக்கொண்டு போனவர் கண்ணாடிக்காரர்தான். அன்றிலிருந்து தபால்காரருக்கு அண்ணன் சொன்னதே வேதவாக்கு. இந்த வருடம்தான் அவருக்கு அறுபது முடிந்திருந்தது.

ஊரில் வருடம் ஒரு முறை இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம் நடக்கும். கண்ணாடிக்காரர் விடாமல் பதினோரு வருடம் ஓடி முடித்திருந்தார். பன்னிரண்டு வருடம் முடித்தவர்களின் பெயரை மைதானத்து வாசல் பலகையில் எழுதுவார்கள். அந்தப் பலகையின் மேல் அவருக்கு ஒரு கண் இருந்தது என்று சொன்னால் பொய், இரண்டு கண்ணும் இருந்தன. போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது கெண்டைக்கால் தசை பிடித்துக்கொண்டது. ஒரு மாதம் ஓடவே கூடாது என்றுவிட்டார் டாக்டர். குழுவிடம் அதைக் காட்டிக்கொள்ளாமல், கடையில் வேலை அதிகம் என்றுவிட்டார்.

அந்த நேரம் பார்த்து மகளும் மாப்பிள்ளையும் விடுமுறைக்கு வந்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு முப்பத்து நாலு வயது, அலுவலகம் விட்டால் ஓட்டம், ஓட்டம் விட்டால் அலுவலகம். "மாமா, வேணும்னா உங்க நம்பரைச் சட்டையில குத்திக்கிட்டு நான் ஓடிட்டு வரட்டுமா?" என்று சாப்பிடும்போது விளையாட்டாகத்தான் கேட்டார். மாமா சிரிக்கவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, "ரெண்டே கால் மணி நேரத்துக்கு முன்னாடி மட்டும் வந்துடாதீங்க மாப்பிள்ளை. அதுதான் என் கணக்கு" என்றார்.

மனைவிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என்னங்க இது? ஊருக்குத்தான் உபதேசமா?"

"பேருக்கு ஒரு ஓட்டம். யாருக்குத் தெரியப்போகுது?"

வேறு யாராவது இதையே சொல்லியிருந்தால் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பார். போட்டி விதியில், ஒருவர் நம்பரை இன்னொருவர் போடக்கூடாது என்பது முதல் பக்கத்திலேயே இருக்கிறது. அதைக் குழுவில் வருடா வருடம் அனுப்புகிறவரும் சாட்சாத் அவரேதான்.

போட்டியன்று அவர் குழுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, முடியும் இடத்துக்குப் பக்கத்தில் வண்டிகள் நிற்கும் இடத்தில் ஒளிந்துகொண்டு நின்றார். ஒளிந்துகொண்டு என்றால் ஒளிந்துகொண்டுதான், வேறு வார்த்தை இல்லை. மாப்பிள்ளை வேர்வை சொட்ட வந்து, நம்பரைக் கழற்றிக் கொடுத்தார். அதன் பின்னால் ஒட்டியிருக்கும் சிப்தான் நேரத்தைக் குறித்துக்கொள்ளும்.

"எவ்வளவு ஆச்சு?"

மாப்பிள்ளை தலையைச் சொறிந்தார். "ஒன்னு அம்பத்தெட்டு, மாமா. மெதுவாத்தான் ஆரம்பிச்சேன். பாதிக்கு மேல சனங்க கைதட்டினாங்களா, காலு சொன்ன பேச்சைக் கேக்கல."

அடப்பாவி என்று வாய் வரைக்கும் வந்தது. மாப்பிள்ளையை அப்படிச் சொல்ல முடியுமா? முழுங்கிக்கொண்டார். வண்டியை எடுத்துக்கொண்டு நழுவிவிடலாம் என்று பார்த்தால் முன்னால் நின்ற வண்டிகள் வழிவிட அரை மணி ஆனது, அதற்குள் ஒலிபெருக்கி அவருடைய பெயரைச் சொல்லிவிட்டது. அறுபது வயதுக்கு மேற்பட்டோர், முதல் பரிசு. இரண்டாவது தபால்காரர். இரண்டு மணி மூன்று நிமிடம்.

குழு மொத்தமும் தேடிக்கொண்டு வந்துவிட்டது. முன்னால் ஓடி வந்தவர் தபால்காரர். "அண்ணே! ஒன்னு அம்பத்தெட்டா! எங்கண்ணே என்னைத் தாண்டுனீங்க, நான் பாக்கவே இல்லியே!"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். வாயைத் திறந்தார். "கூட்டத்துல கவனிச்சிருக்க மாட்டீங்க" என்று வந்தது.

மேடையில் மூன்று படி. நடுப்படி உயரம், கால் ஏறவில்லை. பக்கத்துப் படியிலிருந்த தபால்காரர் இறங்கிவந்து அவர் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். ஏற்றிவிட்டது போதாதென்று கீழே இருந்தவர்களைப் பார்த்து, "கால் வலியோட ஓடி ஜெயிச்சிருக்காரு எங்கண்ணன்!" என்று கத்தினார். எல்லோரும் இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். கோப்பையை வாங்கும்போது கண்ணாடிக்காரருக்குப் பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்றிருந்தது. அது எங்கே பிளக்கிறது, போட்டோதான் எடுத்தார்கள்.

வீட்டில் கோப்பையைத் துணி அலமாரிக்குள் தள்ளினார். மாப்பிள்ளை அவர் முகத்தைப் பார்க்கவில்லை, அவர் மாப்பிள்ளை முகத்தைப் பார்க்கவில்லை. மனைவி மட்டும், "சோறு இறங்குதா?" என்று கேட்டாள். இறங்கவில்லை.

மறுநாள் கடை திறந்த கொஞ்ச நேரத்தில் தபால்காரர் வந்தார். கையில் ஒரு தைல பாட்டில்.

"காலை நீட்டுங்கண்ணே."

"அதெல்லாம் வேணாங்க. சரியாயிடும்."

"நேத்து நீங்க படி ஏறுனதைப் பாத்தேன்ல. இந்த வலியோட எப்படித்தான் ஓடுனீங்களோ! ராத்திரியெல்லாம் வீட்டுல உங்க பேச்சுதான்." சொல்லிக்கொண்டே தரையில் உட்கார்ந்து, அவர் பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டித் தைலத்தைக் கையில் ஊற்றிவிட்டார்.

அந்தக் கை பட்டதும் கண்ணாடிக்காரர் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "தொடாதீங்க! நான் ஓடவே இல்லை."

தபால்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"என் மாப்பிள்ளை ஓடினாரு, என் நம்பர்ல. பலகையில பேர் வரணும்னு நான்தான் ஓடச் சொன்னேன். மேடை ஏறினப்பவும் வாயை மூடிக்கிட்டு ஏறினேன். முதல் பரிசு உங்களோடது."

தபால்காரர் உள்ளங்கைத் தைலத்தை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைக்குட்டையில் துடைத்தார். பாட்டிலை மூடினார். திட்டுவார், திட்டினால் தேவலை என்று இவர் காத்திருந்தார்.

"ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாடியும் சொல்லிடுங்கண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அன்றே கண்ணாடிக்காரர் போட்டி நடத்தியவர்களுக்கு எழுதிப் போட்டார். இரண்டு வருடத்துக்கு இவர் ஓடக்கூடாது, பலகையில் பெயரும் கிடையாது என்று பதில் வந்தது. அது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் பெரிதாகப் பட்டது.

ஞாயிறு காலை, ஓட்டம் முடிந்து எல்லோரும் வட்டமாக நின்று கால் நீட்டி மடக்கிக்கொண்டிருக்கையில், நடுவில் போய் நின்று ஒன்று விடாமல் சொன்னார். கப் பொறுக்கினவனும் போட்டிச் சட்டைக்காக வாங்கிக் கட்டிக்கொண்ட பெண்ணும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாலு பேர் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கோப்பையைத் தபால்காரரிடம் இரண்டு கையாலும் கொடுத்தார். கைதட்டினார்கள். ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

தபால்காரர் போகவில்லை. கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அன்னிக்கு ரெண்டாவது வந்தேன்னு வீட்டுல சொன்னேன். 'யாருக்கு அடுத்து?'ன்னு கேட்டாங்க. உங்க பேரைச் சொன்னதும் என் சம்சாரம் அழுதே போயிட்டா. அவருக்கு அடுத்தபடியா வர்ற அளவுக்கு வந்துட்டீங்களான்னு." கோப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "இப்ப முதல்ல வந்திருக்கேன். யாரை ஜெயிச்சேன்னு கேட்டா என்னண்ணே சொல்லட்டும்?"

தபால்காரர் பதிலுக்கு நின்று பார்த்துவிட்டுப் பூங்கா வாசலைப் பார்த்து நடந்தார்.