என் பழைய வெள்ளைக் கோட்டு

என்றோ செத்துப்போன ஒரு ஜெர்மன் பெண்மேல் எனக்கு இரண்டு வாரம் பொறாமையாக இருந்தது. எல்லாம் என் மகளால் வந்தது.

அமெரிக்காவில், சுகர் லேண்டில் அவள் படிக்கும் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வரலாற்று மனிதர்களைப் போல வேடமிட்டு, மெழுகுப் பொம்மையாக அசையாமல் நிற்க வேண்டும். கையில் ஒட்டிய சிவப்பு வட்டத்தை யாராவது அழுத்தினால் மட்டும் கதை சொல்ல வேண்டும். அவள் தேர்ந்தெடுத்தது ஜெர்மனியின் முதல் பெண் டாக்டர்களில் ஒருவரை. அங்கே பெண்களுக்கு இடமில்லாததால் சுவிட்சர்லாந்து போய்ப் படித்தவர். திரும்பி வந்தால், தேர்வெழுதவே விடமாட்டோம் என்றார்கள். அவர் பாட்டுக்கு பெர்லினில் கிளினிக் திறந்துவிட்டார்.

"ஷீ இஸ் ஸோ பிரேவ்மா," என்றாள். எனக்கு வயிறு எரிந்தது.

நானும் டாக்டர்தான். திருநெல்வேலியில் படித்து மூன்று வருடம் பிரசவம் பார்த்தவள். கணவரும் டாக்டர். இங்கே வைத்தியம் பார்க்க மறுபடி தேர்வெழுத வேண்டும் என்பதால், வந்ததும், ஒருவர் முதலில் எழுதட்டும் என்று பேசி, அவரை எழுதவிட்டேன். என் முறை வரவேயில்லை. இன்று சர்ச்சில் அவர் டாக்டர் அங்கிள், நான் வெறும் ஆன்ட்டி. காலையில் அவர் கோட்டை மாட்டும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். மகளிடம் இதையெல்லாம் சொன்னதில்லை. ஏன் விட்டாய் என்று கேட்பாளே.

வேடத்துக்கு அவள் அப்பாவின் கோட்டைக் கேட்டாள். நான் முந்திக்கொண்டு பெட்டியின் அடியிலிருந்து என் கோட்டை எடுத்துக் கொடுத்தேன். பையோரம் மைக்கறை அப்படியே இருந்தது.

"யாரோடதும்மா இது? ரியல் டாக்டர் கோட்டா?"

"என்னோடது. ரியல்தான்," என்று வெடுக்கென்று சொன்னேன். அவள் கையை நுழைத்துப் போட்டுக்கொண்டாள்.

பள்ளியில், என் கணவருடன் வேலை பார்க்கும் ஒருவர் மகளைப் பார்த்துவிட்டு, "என்ன டாக்டர், பொண்ணுக்கு உங்க கோட்டை குடுத்துட்டீங்களா?" என்றார். இவர் சிரித்தார். இல்லை என்று சொல்லவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள், யாரும் அழுத்தாமலே பொம்மை பேசிவிட்டது. "நோ, இட்ஸ் அம்மாஸ். ஷீ இஸ் எ டாக்டர் டூ."

கணவர் முகம் சுருங்கியது. நான் போய்ச் சிவப்பு வட்டத்தை அழுத்தினேன். அவள் சொன்ன கதையில் கிளினிக் திறந்த இடம் வந்தபோது மறுபடி அதே பொறாமை. அந்த ஜெர்மன் டாக்டரை ஒரு நாடே தடுத்தது. நானோ, என் முறை எப்போது என்று வீட்டுக்குள் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

திரும்பும்போது காரில் அவரிடம் சொன்னேன்: "அடுத்து நான் எழுதறேன். என் முறை."