பல்லக்காவுக்கு வந்த அழைப்பு

பல் காப்பீட்டு நிறுவனத்தின் தொலைபேசிப் பிரிவில் அவளுக்குப் பல்லக்கா என்று பெயர். அழைப்பவர்கள் கேட்பதும் அவள் சொல்வதும் அநேகமாக ஒன்றேதான். பல்லைச் சுத்தம் செய்ய முழுத்தொகை, அடைக்கவும் பிடுங்கவும் பெரும்பகுதி, வேர் சிகிச்சைக்குப் பாதி. பல்லின் மேல் உறை போடுவதென்றால் காப்பீட்டில் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருக்க வேண்டும். சிலர் அழுவார்கள், சிலர் வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். முன்பெல்லாம் சுருக்கென்று தைக்கும். அம்மா போன பிறகு எதுவுமே உறைப்பதில்லை.

அம்மாவின் சாவு வீட்டில்தான் அண்ணனோடு பேச்சு முறிந்தது. கடைசி நாட்களில் யார் பக்கத்தில் இருந்தது என்று தொடங்கிய வாக்குவாதம். அதன் பிறகு ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்கவில்லை.

ஒரு நாள் காலை, வணக்கம் சொல்லி உறுப்பினர் எண்ணைக் கேட்டாள். தட்டியதும் திரையில் அண்ணன் பெயர் வந்தது. லாரி ஓட்டுகிறவன், தாடை வீங்கிக் குழறிக் குழறிப் பேசினான். வேர் சிகிச்சை செய்து உறை போட்டால் கடைவாய்ப் பல் பிழைக்கும் என்கிறாராம் டாக்டர். உறைக்குக் காசு வராது என்கிறார்களாம் கூட லாரி ஓட்டுகிறவர்கள். பேசாமல் பிடுங்கிவிடலாமா என்று கேட்டான்.

அவளுக்குப் பேச்சு எழவில்லை. விரல்கள் மட்டும் அவன் சேர்ந்த தேதியைத் தேடின. ஒரு வருடம் ஆவதற்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

“பிடுங்க வேணாங்க. வேர் சிகிச்சைய இப்பவே செஞ்சுக்கங்க, பாதி கிடைக்கும். ரெண்டு மாசம் தற்காலிகமா அடைச்சு வைக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. அப்புறம் உறை போட்டா அதுக்கும் கிடைக்கும். முன்னாடியே போட்டுட்டா கிடைக்காது.”

சரி சரி என்று கேட்டுக்கொண்டான். வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று விதிப்படி கேட்டாள்.

“நீ சாப்ட்டியா?” என்றான் அண்ணன்.

“இன்னும் இல்ல.”

“சாப்டு.” வைத்துவிட்டான்.

அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அடுத்த அழைப்புதான் வந்தது. மகளுக்குக் கம்பி கட்டுவது பற்றி ஒரு தாய். அதற்கும் பதில் சொன்னாள். பிறகு மேற்பார்வையாளர் வந்து, காலையில் ஓர் அழைப்பில் நடுவே ரொம்ப நேரம் சத்தமே இல்லை, பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். சரி என்றாள்.

இரண்டு மாதம் கழித்து, அண்ணனின் உறைக்கு அனுமதி கிடைத்திருந்ததைத் திரையில் பார்த்தாள். இடைவேளையில் படிக்கட்டில் நின்று அவனை அழைத்தாள். பல் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அந்தப் பக்கம் மெல்லுவதற்கு இன்னும் பயமாக இருக்கிறது என்றான். கெட்டியானதைக் கொஞ்ச நாள் கடிக்காதே என்றாள். அம்மா பேச்சை இருவருமே எடுக்கவில்லை.