பக்கத்துக் கதிரை

எங்கள் ஊர்க் கலியாணங்களில் பாய் விரித்து, சஹன் என்னும் பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேராக உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவோம். முழங்கால் மடங்காதவர்களுக்குச் சுவரோரம் கதிரையும் தனிப் பீங்கானும் உண்டு. சாப்பாடு அதேதான். ஆனாலும் கீழே சிரிப்பும் கதையுமாக இருக்கும்போது மேலே பீங்கானை ஏந்திக்கொண்டிருப்பது, கலியாணத்துக்கு வந்தும் வராதது மாதிரி.

முழங்கால் தேய்ந்துபோய் நான் முதன்முதலில் அந்தக் கதிரைக்குப் போன அன்றே, தம்பியின் மனைவி பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டாள். "எனக்கும் முழங்கால் நோவுதான் மச்சி" என்றாள். புருஷனின் அக்கா என்பதால் நான் அவளுக்கு மச்சி. என்னைவிட நாலு வயது இளையவள். பாவம் என்று கவலைப்பட்டேன். துணை கிடைத்ததில் கொஞ்சம் சந்தோஷமும் பட்டேன், மறைப்பானேன். இரண்டு வருடமாக எந்தக் கலியாண வீட்டிலும் எங்கள் சோடிக் கதிரைதான்.

இந்த வருடம் என் கடைசி மகளின் கலியாணம் வந்தது. எங்கள் ஊர் வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். மாப்பிள்ளையின் உம்மாவோடு ஒரே சஹனில் இருந்தே தீருவேன் என்று எனக்குப் பிடிவாதம். குளிசை, தைலம், பயிற்சி எல்லாம் பார்த்தாயிற்று. இனி முழங்காலுக்குள் ஊசி போடலாம் என்றார் கல்முனையில் நான் காட்டும் டொக்டர். தனியே போகப் பயந்து தம்பியின் மனைவியையும் இழுத்துக்கொண்டு போனேன். அப்படியே அவளுக்கும் ஒன்று போடுவிப்பது என் திட்டம்.

"ஐயோ, எனக்கு ஊசி எண்டாலே மயக்கம் வரும்" என்று கதவோரம் ஒதுங்கினாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "மூணு புள்ள பெத்தவள், இந்த ஊசிக்குப் பயப்படுறியா?" என்று இருந்தவர்கள் எல்லாம் கேட்க ஏசினேன். அவள் சிரித்துக்கொண்டே என் கைப்பையை வாங்கி வைத்துக்கொண்டாள்.

டொக்டர் முழங்காலைத் துடைத்து, உள்ளே கட்டியிருந்த நீரை முதலில் இழுத்தெடுத்துவிட்டு மருந்தை ஏற்றினார். நினைத்த அளவு நோகவில்லை. "தேஞ்சது இதால வளராது. கொஞ்ச மாசத்துக்கு நோவு குறையும், அவ்வளவுதான்" என்றார். கீழே உட்காரலாமா என்று கேட்டேன். "எப்பவாவது ஒருக்கா, நோகாட்டி." அந்த ஒருக்கா எனக்குப் போதும். ஒரு கிழமையில் படி ஏறும்போது முழங்காலின் நினைவே வரவில்லை. அல்ஹம்துலில்லாஹ். அந்த டொக்டருக்கு இன்றும் துஆச் செய்கிறேன்.

கலியாணத்தன்று சஹன் வைத்தார்கள். மாப்பிள்ளையின் உம்மா கையைப் பிடித்து அழைத்தார். எனக்குப் போக மனம் வரவில்லை. சுவரோரம் இரண்டு கதிரைகளுக்குப் பக்கத்தில் இவள் நின்றுகொண்டிருந்தாள். நான் கீழே போனால் இவள் மட்டும் மேலே தனியே.

"நான் இவளோட கதிரையிலேயே இரிக்கன்" என்றேன்.

"முதல்ல நீங்க கீழ இரிங்க பாப்பம்" என்று வந்து தோளைக் கொடுத்தாள். அதைப் பிடித்து மெல்ல இறங்கினேன். முழங்கால் மடங்கியது. அடுத்த கணம் இவள் சேலையை ஒதுக்கி, தரையில் கைகூட ஊன்றாமல், என் பக்கத்தில் சட்டென்று சம்மணம் போட்டாள்.

"புள்ள, உன்ட முழங்கால்?"

"என்ட முழங்காலுக்கு என்ன? தனியக் கதிரையில இருத்தினா நீங்க அடுத்த கலியாணத்துக்கு வரவே மாட்டீங்க. எனக்குத் தெரியாதா?"

இரண்டு வருடச் சஹனை எனக்காக விட்டிருக்கிறாள். நான் அவளைப் பயந்தாங்கொள்ளி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறேன். நன்றியும் வெட்கமும் ஒன்றாக வந்து கண் நிறைந்துவிட்டது.

"மாப்பிள்ளை உங்கட வீட்டுக்குத்தானே வாறார்" என்றார் மாப்பிள்ளையின் உம்மா. "மகனக் குடுக்கிற நானே அழல்ல, நீங்க ஏன் அழுறீங்க?"

என் பக்கமிருந்த பெரிய இறைச்சித் துண்டை இவள் பக்கம் தள்ளி வைத்தேன்.